பிள்ளைகளோடு பட்டர் பிஸ்கட் பிழிகிறோம்; ஓவனுக்குள் போனதும் வடிவம் கரைந்துவிடுகிறது. என்ன செய்வது?

கேள்வி (காட்பாடி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நான்காம் வகுப்பில் படிக்கும் மகளும் யு.கே.ஜி. படிக்கும் மகனும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அச்சு முறுக்கு, கலகலா, அதிரசம் மூன்றும் செய்வது எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்து வரும் வழக்கம். மூன்றுமே கொதிக்கும் எண்ணெயில் வேகிறவை என்பதால், பலகாரம் செய்யும் நாளில் பிள்ளைகளை அடுப்பங்கரைப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்துவருகிறது. கலகலாவைச் சீப்பில் உருட்டித் தருவதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடும். பண்டிகைப் பலகாரத்தில் ஒன்றையாவது தொடக்கம் முதல் முடிவு வரை அவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதனால் இந்த ஆண்டு, அச்சில் பிழிந்து ஓவனில் சுடும் பட்டர் பிஸ்கட்டைச் செய்வதென்று மூவரும் சேர்ந்து முடிவு செய்தோம். அரையாண்டுத் தேர்வு விடுமுறை விட்ட அன்றே செய்து, அன்றிரவு வீட்டுக்கு வரும் கேரல் குழுவுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் மகளின் திட்டம். அதற்கு ஒத்திகையாகப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை செய்து பார்த்தோம். அது சரியாக வரவில்லை.

என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவர்களிடம் வாங்கிய வெண்ணெய் 200 கிராம், ஒரு கப் சர்க்கரை, இரண்டு கப் மைதா, அரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், பிசைவதற்குக் கொஞ்சம் பால் ஆகியவற்றைச் சேர்த்தேன். முறுக்கு அச்சில் ஒற்றை நட்சத்திர வில்லையைப் போட்டு, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் பிழிந்தோம். மாவு பேப்பரில் ஒட்டாமல் அச்சின் வாயிலேயே சுருண்டு நின்றது. இடையிடையே ஏதோ அடைத்துக்கொண்டும் நின்றது. ஒருவழியாகக் கையால் தள்ளிவிட்டு ஓவனில் வைத்தால், பத்து நிமிடத்தில் கோடுகள் எல்லாம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுவதும் ஒரே அடையாகிவிட்டது. ஓரம் கருகியும் நடு வேகாமலும் இருந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் அச்சைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு மனம் கஷ்டப்பட்டிருக்காது.

என் பிழை எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் வரிசையில் இரண்டு வீட்டார் சைவம். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் எங்களுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்களுடையது அங்கே போகும் என்பதால் முட்டை சேர்க்காமல் செய்ய முடியுமா என்பதும் எனக்கு முக்கியம். ஐந்து வயதுப் பையனால் அச்சைத் திருக முடியுமா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் (இராணிப்பேட்டை)

சகோதரி, எட்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே கேக்கும் பிஸ்கட்டும் செய்து கொடுத்துவருகிறேன். நீங்கள் அளவுகளையும் செய்முறையையும் ஒளிக்காமல் எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. உங்கள் மாவில் நான்கு காரணங்கள் ஒன்றுசேர்ந்து வேலை செய்திருக்கின்றன.

முதற்காரணம் வெண்ணெய். கடையில் விற்கும் பட்டரில் கொழுப்பு 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. வீட்டில் கடைந்த வெண்ணெயில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பது கடைந்தவர் அதை எவ்வளவு பிழிந்தெடுத்தார் என்பதைப் பொறுத்தது. கூடுதலான நீர் ஓவனில் ஆவியாகி மாவைத் தூக்கி, பிறகு பரத்திவிடும். சாப்பிட அதன் ருசிக்கு ஈடில்லை என்றாலும், இந்த ஒரு பிஸ்கட்டுக்குக் கடைப் பட்டரே நம்பகமானது. உப்புப் பட்டர்தான் கிடைத்தது என்றால் அதையே எடுத்துக்கொண்டு, தனியாக உப்புச் சேர்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது சர்க்கரை. நம் ஊர்ச் சர்க்கரையின் மணிகள் பெரியவை. அவை பட்டரில் கரையாமல் மாவிலேயே நின்று, அச்சின் நட்சத்திரக் கண்ணை அடைத்துக்கொள்ளும். உங்களுக்கு இடையிடையே அடைத்தது அதனால்தான். ஓவன் சூட்டில் அதே மணிகள் இளகி, மாவை இன்னும் பரவச் செய்யும். சர்க்கரையை மிக்ஸியில் பொடித்து, கட்டாயம் சலித்துச் சேர்க்க வேண்டும். சலிக்கும் வேலையை உங்கள் மகனிடம் கொடுங்கள்.

பேக்கிங் பவுடர் இதற்கு வேண்டவே வேண்டாம். உப்ப வேண்டிய பலகாரத்துக்குத்தான் அது தேவை; பிழிந்த கோடு பிழிந்தபடியே நிற்க வேண்டிய இடத்தில் அது கேடுதான் செய்யும்.

நான்காவது பட்டர் பேப்பர். அச்சை விட்டு மாவு பிரிய வேண்டுமானால் அதைக் கீழேயிருந்து ஏதாவது பற்றி இழுக்க வேண்டும். எண்ணெய் தடவாத, பேப்பர் விரிக்காத, குளிர்ந்த வெறும் அலுமினியத் தட்டுதான் அப்படிப் பற்றும். பிஸ்கட் வெந்தபின் தட்டில் ஒட்டிக்கொள்ளுமே என்று அஞ்ச வேண்டாம். மாவில் இருக்கும் பட்டரே போதும்; வெளியே எடுத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட்டுத் தோசைத் திருப்பியால் நெம்பினால் பூப்போல வந்துவிடும்.

இனி என் அளவு. பட்டர் 200 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், மைதா 250 கிராம், சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) 20 கிராம், பால் இரண்டு மேசைக்கரண்டி, வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி. முட்டை சேர்ப்பவர்கள் பாலில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் கரு சேர்ப்பார்கள். நிறமும் கரகரப்பும் சற்றுக் கூடும் என்பதைத் தவிர, அது இல்லாததால் குறை ஒன்றும் வராது. மைதாவைத் தராசில் நிறுத்தே எடுங்கள். ஒரே கப்பில் தளர்வாக அள்ளினால் 120 கிராமும், அழுத்தி அள்ளினால் 150 கிராமும் பிடிக்கும். பிழிகிற மாவுக்கு அந்த வேறுபாடு மிக அதிகம்.

பட்டரையும் சர்க்கரையையும் இரண்டு நிமிடம் குழைத்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடித்தால் உள்ளே காற்றுப் புகுந்து பரவத் தொடங்கும். பாலும் எசன்ஸும் சேர்த்தபின் மைதாவைக் கொட்டி, வெள்ளை தெரியாத அளவுக்கு மட்டும் கலந்து நிறுத்திவிடுங்கள். 180 டிகிரியில் பத்து நிமிடம் முன்சூடு செய்த ஓவனில் 10 முதல் 12 நிமிடம் வைத்து, ஓரம் மட்டும் பொன்னிறமாகத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். மேல்பக்கம் வெளுப்பாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் அடி கருகும். இந்த அளவுக்குச் சிறிய பிஸ்கட் 50 வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேக்கரிப் பிஸ்கட்டில் கோடுகள் கூர்மையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, நம்முடையது ஏன் அப்படி வரவில்லை என்று வருந்த வேண்டாம். அங்கே பெரும்பாலும் வனஸ்பதியோ மார்கரினோ போடுவார்கள். அவை பட்டரைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். நம் பிள்ளைகளுக்கு நல்ல பட்டரில் செய்து கொடுக்கிறோம். கோடு கொஞ்சம் மழுங்கினால் மழுங்கட்டும்.

பதில் (குடியாத்தம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

அம்மா, மேலே எழுதியவர் செய்முறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன். பட்டரின் பதம்தான் அது. என் பேத்திகள் இருவரோடு மூன்று கிறிஸ்துமஸ் விடுமுறைகளாக இந்தப் பிஸ்கட்டைச் செய்துவருகிறேன். எங்களுக்கு நேர்ந்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஓரிடத்தில்தான் நேர்ந்தன.

இந்தப் பலகாரம் ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுதோறும் செய்யப்படுவது. ஜெர்மன் மொழியில் இதன் பெயரே பீச்சுதல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. முறுக்கு மாவை நாம் பிழிகிறோம் என்று சொல்வதும் ஏறத்தாழ அதே செயலைத்தான். ஆனால் அவர்களுடைய டிசம்பர் வேறு, நம்முடைய டிசம்பர் வேறு. அங்கு எழுதப்படும் குறிப்புகளில் பட்டரை அறை வெப்பநிலையில் வைத்து இளக்குங்கள் என்று இருக்கும். அந்த அறை 18, 20 டிகிரியில் இருக்கும் அறை. வேலூர்ப் பக்கத்தில் மார்கழிக் காலை வேண்டுமானால் அந்த அளவுக்கு வரலாம். அதே நாளின் பிற்பகலில் நம் சமையலறை, அதுவும் ஓவன் மூட்டிய சமையலறை, 30 டிகிரியைத் தொட்டுவிடும். பட்டர் முழுதாக உருகுவது அதற்குச் சற்று மேலேதான். ஆகவே அந்தக் குறிப்பை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் நம் கையில் இருப்பது பட்டராக இராது, பாதி நெய்யாகவே இருக்கும்.

விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது, இதுதான் பதம். ஒரு முறை உருகிவிட்ட பட்டரைக் குளிர்பெட்டியில் வைத்து இறுக்கினாலும் பழைய தன்மை திரும்பாது. பட்டருக்குள் நீர்த்துளிகள் கொழுப்போடு நுண்ணியதாகக் கலந்து நிற்கின்றன. உருகும்போது அந்தக் கலப்பு உடைந்து நீரும் கொழுப்பும் பிரிந்துவிடுகின்றன. அதனால்தான் பிள்ளைகளிடம் நான், உருகினால் அதைச் சப்பாத்திக்கு வைத்துக்கொள்வோம், பிஸ்கட்டுக்குப் புதிதாக எடுப்போம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் காலை ஆறரை மணிக்கே மாவு கலந்துவிடுவோம். எட்டரைக்குள் பிழிந்து முடித்துவிட வேண்டும் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட கணக்கு. கலக்கும் பாத்திரத்தை, தண்ணீர் ஊற்றிய ஒரு பெரிய தாம்பாளத்தின்மேல் வைத்துக்கொண்டால் கைச்சூடும் பாத்திரத்தில் தங்காது.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாவு தளர்ந்துவிட்டது என்று தோன்றினால் எல்லோரும் அதைத் தூக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவார்கள். நானும் முதல் ஆண்டு அதைத்தான் செய்தேன். அரை மணி கழித்து எடுத்தபோது மாவு கல்லாகிவிட்டிருந்தது. பெரியவனான நான் அழுத்தியும் அச்சின் பிடி வளைந்ததே தவிர மாவு இறங்கவில்லை. குழந்தைகள் கையால் பிழிய வேண்டிய மாவைப் பிழிவதற்கு முன்னால் இறுக விடவே கூடாது. மாவு மென்மையாக இருக்கும்போதே தட்டில் பிழிந்துவிட்டு, பிழிந்த தட்டை அப்படியே 15 நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, நேராக ஓவனுக்குள் அனுப்புங்கள். குளிர்ந்த கொழுப்பு இளகுவதற்குள் மேற்பரப்பில் மாவு கெட்டிப்பட்டுவிடும், கோடு நிற்கும். பிழிவது எளிதாக இருக்க வேண்டும் என்பதும் வடிவம் கலையாமல் இருக்க வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். வரிசையை மாற்றியதும் இரண்டும் சேர்ந்தே கிடைத்துவிட்டன.

அச்சைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்தும் பழைய வகை அச்சு ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆகாது. அதற்குத் தோள்வலு வேண்டும். மேலே கைப்பிடியைத் திருகினால் இறங்கும் எவர்சில்வர் அச்சு ஏற்றது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கும். அச்சில் பாதியளவுக்கு மட்டும் மாவை நிரப்பி, இடையில் காற்று நிற்காமல் விரலால் அழுத்திவிடுங்கள். காற்று நின்றால் கோடு நடுவில் அறுந்து வெடிக்கும்.

கேள்வி கேட்டவர் (காட்பாடி)

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி இன்று காலை ஆறரைக்கே எழுந்து, பாதி அளவில், அதாவது 100 கிராம் பட்டரில் செய்து பார்த்தோம். முதல் தட்டு அழகாக வந்தது. கோடுகள் நின்றன, அடைப்பும் இல்லை. மகள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் இரண்டாவது தட்டு மறுபடியும் பரவிவிட்டது. அதே மாவு, அதே அச்சு, அதே ஓவன். இடையில் பத்து நிமிடம்தான் கடந்திருக்கும். காரணம் புரியவில்லை. மேலும், மகனால் அச்சைத் திருக முடிகிறது. ஆனால் திருகும்போது அச்சும் கூடவே சுற்றிவிடுகிறது. நான் பிடித்துக்கொண்டால், அம்மாதான் செய்கிறாள் என்று அவனுக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. பட்டருக்குப் பதிலாக வீட்டில் காய்ச்சிய நெய்யில் செய்தால் மணம் இன்னும் நன்றாக இருக்குமே என்று என் மாமியார் கேட்கிறார். செய்யலாமா?

பதில் (மேல்விஷாரம்)

சகோதரி, உங்கள் மாமியாரின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் வீட்டில் பெருநாளுக்கு நான்கட்டாய் செய்வோம். அது நெய்யில் செய்தால்தான் நான்கட்டாய். முட்டை இல்லை, எசன்ஸ் இல்லை, ஏலக்காய் மட்டும்தான். ஆகவே நெய்யின் பக்கம் நின்றுதான் பேசுகிறேன். இருந்தாலும் நெய் மாவு அச்சுக்கு ஆகாது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நெய்யில் நீர் இல்லை. மைதா சேர்ந்து பிடிப்பதற்கு ஒரு துளியாவது ஈரம் வேண்டும். நெய்யிலேயே கலந்த மாவைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், அச்சில் போட்டால் தொடர்ந்த இழையாக வராமல் துண்டுதுண்டாக உதிரும். நான்கட்டாயை எல்லோரும் உள்ளங்கையில் உருட்டித் தட்டியே செய்வதற்கு இதுதான் காரணம் என்று என் நானி சொல்லுவார். ஒரு முறை அச்சில் போட்டுப் பார்த்தபின் அது முற்றிலும் உண்மை என்று நானும் தெரிந்துகொண்டேன்.

மணம்தான் வேண்டும் என்றால், 200 கிராம் பட்டரில் 30 கிராமைக் குறைத்து, அதற்கு 25 கிராம் உறைந்த நெய்யைச் சேர்த்து, பாலை ஒரு தேக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். உருக்கிய நெய் கூடாது, மணல்மணலாக உறைந்த நெய்தான். எசன்ஸை விட்டுவிட்டு நான்கு ஏலக்காயின் விதையைச் சர்க்கரையோடு சேர்த்துப் பொடித்துச் சலித்துவிடுங்கள். சலிக்காமல் போட்டால் ஏலக்காய்த் தோலின் ஒரு துணுக்கே நட்சத்திரக் கண்ணை அடைத்துவிடும். அதே காரணத்துக்காக டூட்டி ஃப்ரூட்டியையோ முந்திரியையோ மாவுக்குள் கலக்காதீர்கள். பிழிந்தபின் மேலே ஒவ்வொன்றாக வைத்து மெல்ல அழுத்தலாம்.

உங்கள் இரண்டாவது தட்டுக்கு என்ன நேர்ந்தது என்று ஊகிக்கிறேன். முதல் தட்டு ஓவனிலிருந்து வந்ததும் அதன்மேலேயே அடுத்த ஈட்டைப் பிழிந்திருப்பீர்கள். சூடான தட்டில் விழுந்த நொடியிலேயே அடிப்பக்கம் உருகத் தொடங்கிவிடும்; பிறகு குளிர்பெட்டியில் வைத்தாலும் பயனில்லை. இரண்டு தட்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், சூடு சற்று ஆறிய பிறகு குழாய்த் தண்ணீரில் காட்டி, ஈரமே இல்லாமல் துணியால் துடைத்துவிட்டுப் பிழியுங்கள். ஈரம் இருந்தாலும் மாவு பற்றாது.

பதில் (வேலூர், சத்துவாச்சாரி)

நான் ஒரு மழலையர் பள்ளியில் பணியாற்றுகிறேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். செய்முறையைப் பற்றி மேலே எழுதியவர்களைவிட எனக்கு அதிகம் தெரியாது. பிள்ளைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அச்சு சுற்றுகிறது என்றீர்கள். பையனைச் சமையல் மேடை அருகில் முக்காலி போட்டு நிற்க வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீழே இறக்கிவிடுங்கள். தரையில் துணி விரித்து, தட்டை வைத்து, அவனை முட்டி போட்டு உட்காரச் சொல்லுங்கள். நம் பாட்டிமார் முறுக்குப் பிழிந்ததெல்லாம் தரையில் உட்கார்ந்துதான். மேலிருந்து உடம்பின் கனமும் சேர்ந்து இறங்குவதால் கைவலு குறைவாகவே தேவைப்படும். சுற்றாமல் இருப்பதற்கு அக்கா அச்சின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொள்ளட்டும், தம்பி திருகட்டும். அம்மா பிடித்தால் வருகிற கோபம், அக்கா பிடித்தால் வராது; ஏனென்றால் அடுத்த தட்டுக்கு அக்கா திருகும்போது அவன் பிடிக்கப் போகிறான்.

முறுக்கு அச்சில் நட்சத்திர வில்லை போட்டால் பூ வடிவம் ஒரே அழுத்தில் விழாது. அதற்குத் தனி அச்சு வேண்டும். ஆகவே முதலில் விரல் நீளத்துக்கு நேர்க்கோடாகப் பிழியச் சொல்லுங்கள். அது கைவந்தபின் வளையம், பிறகு எஸ் எழுத்து. தட்டு நீளத்துக்கு ஒரே இழையாகப் பிழிந்துவிட்டு, முனை மழுங்கிய கத்தியால் மகள் துண்டு போடுவதும் நல்ல வழி. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே சமயத்தில் வேகும். சரியாக வராததை வழித்து எடுத்து மறுபடி அச்சில் போடலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றும் வீணாகாது என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளின் கை நடுங்காது. ஆனால் மூன்று நான்கு முறைக்குமேல் வழித்தெடுத்த மாவு கைச்சூட்டில் எண்ணெய் விடும். அதை ஓரமாக வைத்துக் கடைசியில் உருண்டையாகச் சுட்டுவிடுங்கள்.

இரண்டு கண்டிப்புகள் வேண்டும். பச்சை மாவை ருசி பார்க்க விடாதீர்கள். முட்டை சேர்க்கவில்லையே என்று நாம் அசட்டையாக இருந்துவிடுவோம். ஆனால் வேகாத மைதாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் முதல் ஈட்டில் இரண்டு பிஸ்கட் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டால் மாவில் கைவைக்க மாட்டார்கள். மற்றது, ஓவன் கதவைத் திறப்பதும் தட்டை எடுப்பதும் உங்கள் வேலை மட்டுமே. தரையில் ஒரு கோலமாவுக் கோடு போட்டு, ஓவன் சூடாக இருக்கும்வரை அதைத் தாண்டக் கூடாது என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். கண்ணாடி வழியே பார்க்கலாம், தாண்டக் கூடாது. சின்னவன் அந்தக் கோட்டுக்கு இப்பால் உட்கார்ந்து ஒவ்வொரு நிமிடமும் எண்ணிச் சொல்லுவான்.

கேள்வி கேட்டவர் (காட்பாடி)

தட்டு விஷயம் நீங்கள் ஊகித்ததேதான். ஓவனிலிருந்து எடுத்த தட்டிலேயே அடுத்ததைப் பிழிந்தேன். மாமியாரிடம் நான்கட்டாய்ச் செய்தியைப் படித்துக் காட்டினேன். ஏலக்காயும் கொஞ்சம் நெய்யும் சேர்க்கச் சம்மதித்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. கேரல் குழுவில் பிள்ளைகளும் பெரியவர்களுமாக 40 பேர் வருவார்கள். ஆளுக்கு இரண்டு வீதமும், பக்கத்து வீடுகளுக்கும் என்று பார்த்தால் 100 பிஸ்கட் வேண்டும். முதல் நாளே செய்து வைத்தால் கரகரப்பு நிற்குமா? அன்று பார்த்து மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது?

பதில் (இராணிப்பேட்டை)

நான் கொடுத்த அளவை இரண்டு மடங்காக எடுங்கள். ஆனால் ஒரே பாத்திரத்தில் இரட்டிப்பாகக் கலக்காமல், இரண்டு ஈடாகக் கலக்குங்கள். முதல் ஈடு பிழிந்து முடிவதற்குள் மீதி மாவு இளகிப்போவதை அது தடுக்கும். முதல் நாள் செய்வதில் தவறில்லை. இரண்டு வாரம்வரை கெடாது. பிஸ்கட் முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். இளஞ்சூடு இருக்கும்போது மூடினால் மூடியில் வியர்த்து, மறுநாள் எல்லாம் நமுத்திருக்கும். மழைமூட்டமாக இருந்தால், முழுதாக ஆறியபின் மேலும் திறந்தே வைத்திராமல் உடனே அடைத்துவிடுங்கள். ஒருவேளை நமுத்துவிட்டால் 150 டிகிரியில் நான்கு நிமிடம் வைத்து ஆறவிட்டால் கரகரப்புத் திரும்பும்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். பாதிக்குமேல் வெந்திருந்தால் உள்ளிருக்கும் சூட்டிலேயே ஏறத்தாழ வெந்துவிடும். பிழிந்த தட்டு காத்திருக்க வேண்டியிருந்தால் குளிர்பெட்டியில் இருக்கட்டும், ஒரு மணி நேரமானாலும் ஒன்றும் ஆகாது. அதற்கும் மேல் நீடித்தால், கனமான அலுமினியக் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, காஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி, தண்ணீர் ஊற்றாமல் பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்குங்கள். பிறகு தீயைச் சிறிதாக்கி, சிறு தட்டில் ஏழெட்டுப் பிஸ்கட்டாக வைத்தால் 15 நிமிடத்துக்குமேல் ஆகலாம். அடி சற்றுச் சிவக்கும், மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். 100 பிஸ்கட்டுக்கு இது நடக்காது. கையிலிருப்பதைக் காப்பாற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர் (காட்பாடி)

செய்து முடித்துவிட்டோம். உதவிய உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

காலை ஆறே முக்காலுக்குத் தொடங்கினோம். கூடத்தில் பழைய புடவையை விரித்து, இரண்டு தட்டு வைத்து, அக்காள் காதைப் பிடிக்கத் தம்பி திருகினான். முதல் தட்டில் கோடுகள் பாம்புபோல் வளைந்தன. வழித்தெடுத்து மறுபடி பிழிந்தார்கள். மூன்றாவது தட்டிலிருந்து மகள் எஸ் எழுத்துக்குப் போய்விட்டாள், மகன் கடைசிவரை நேர்க்கோட்டையே பிழிந்தான். அவன் பிழிந்த ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சிவப்பு டூட்டி ஃப்ரூட்டியை வைத்து, இது மெழுகுவர்த்தி என்று சொன்னான். யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பிறகு மாவு இளகத் தொடங்கியதால், கடைசி ஈட்டைக் குளிர்பெட்டியில் 20 நிமிடம் வைத்துச் சுட்டேன். அப்போதும் கோடுகள் கொஞ்சம் மழுங்கின. மொத்தம் 104 தேறின. மாமியார் ஒன்றை உடைத்து, உள்ளே வெந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, பிறகு வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த ஆண்டு ஏலக்காயை இன்னும் இரண்டு கூட்டு என்றார்.

இரவு பதினொன்றரைக்குக் கேரல் குழு வந்தது. தூங்கிப் போயிருந்த மகனை எழுப்ப வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பாட்டுச் சத்தத்தில் அவனே எழுந்து வந்து, மெழுகுவர்த்தித் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.